ஒரே வேதம், இரண்டு மடங்கள்

1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், பனி உறைந்து கிடந்த உசூரி ஆற்றின் நடுவே ஒரு தீவில் இரு நாட்டுப் படையினர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டனர். தீவு என்று அதனைச் சொல்வதே மிகை. ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கூட இல்லாத திட்டு அது. குடியிருப்போர் இல்லை, விளைச்சல் இல்லை, வெட்டியெடுக்கத் தங்கமும் இல்லை. ரஷ்யர் அதற்கு டமான்ஸ்கி என்று பெயரிட்டிருந்தனர். சீனர் ஜென்பாவ் என்றனர். அரும்பொருள் என்று அதற்குப் பொருளாம்! சுட்டவன் தொப்பியிலே சிவப்பு நட்சத்திரம். சுடப்பட்டு வீழ்ந்தவன் தொப்பியிலும் சிவப்பு நட்சத்திரம். பதின்மூன்று நாள் கழித்து, டாங்கிகளும் பீரங்கிகளும் கொண்டு மீண்டும் மோதினர். ரஷ்யத் தரப்பில் மட்டும் 58 பேர் மாண்டனர்.

இரு நாட்டு அலுவலகங்களிலும் மார்க்சின் படம் மாட்டப்பட்டிருந்தது. இரு நாட்டுப் பள்ளிகளிலும் லெனின் பாடமாக இருந்தார். சந்தைக்காகச் சண்டையிடுவது முதலாளித்துவத்தின் குணம், பொதுவுடைமை பூத்த நாடுகளுக்குள் போர் மூள வழியே இல்லை என்று உலகெங்கும் மேடைகளில் முழங்கப்பட்ட காலம் அது. முழங்கியவர்கள் பொய்யர்களல்லர், நம்பினார்கள். நம்பியதுதான் தொல்லை! நம்பிக்கை வேறு, ஆராய்ச்சி வேறு என்று ஊரெல்லாம் எடுத்துரைக்கும் நாம், மாஸ்கோவையும் பீகிங்கையும் அதே அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதுதானே முறை?

இந்தச் சண்டையின் வேர், மார்க்சு பிறப்பதற்கு முன்பே ஊன்றப்பட்டது. 1689இல் நெர்சின்ஸ்க் என்ற இடத்தில் ஜார் மன்னரின் தூதரும் மஞ்சு மன்னரின் தூதரும் அமர்ந்து எல்லை வகுத்தனர். சீனத் தரப்புக்கு மொழிபெயர்த்தவர்கள் இயேசு சபைப் பாதிரிமார்; உடன்படிக்கை எழுதப்பட்டதோ இலத்தீன் மொழியில். அன்று சீனப் பேரரசு வலுவுடன் இருந்தது. ஆகவே ஆமூர் ஆற்றுப் படுகை சீனத்திடமே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. அபினி விற்க வந்த வெள்ளையன் பீரங்கியோடு வந்தான். மஞ்சு மன்னர் தள்ளாடினார். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்து, சண்டையே போடாமல், 1858இல் ஐகுன் உடன்படிக்கையாலும் 1860இல் பீகிங் உடன்படிக்கையாலும் ஆமூருக்கு வடக்கேயும் உசூரிக்குக் கிழக்கேயும் ஏறத்தாழ 10 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் நிலத்தை ஜார் எடுத்துக்கொண்டார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீகிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொளுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டில், சமரசம் செய்துவைக்கிறேன் என்று வந்த ரஷ்யத் தூதர், தரகாகப் பெற்றுக்கொண்ட நிலம் இது! அங்கே எழுந்த துறைமுக நகருக்கு விளாடிவாஸ்டாக் என்று பெயர். கிழக்கை ஆள்க என்று பொருள். ஒளிவுமறைவு இல்லாத பெயர்தான்.

1917இல் ஜார் ஆட்சி வீழ்ந்தது. 1919இல் புதிய சோவியத் அரசு, கராகான் என்பவர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றில், ஜார் காலத்து அநீதியான உடன்படிக்கைகளைக் கைவிடுவதாகச் சீன மக்களுக்கு அறிவித்தது. ஐரோப்பிய வல்லரசு எதுவும் அதுவரை அப்படிப் பேசியதில்லை. சீன இளைஞர் உள்ளம் மாஸ்கோவை நோக்கித் திரும்பியதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். 1921இல் சீனப் பொதுவுடைமைக் கட்சி பிறந்தது.

அறிக்கை நல்ல அறிக்கை. நிலம்? அது திரும்பவில்லை. மஞ்சூரியாவில் ஜார் போட்ட இருப்புப்பாதைகூட எளிதில் திரும்பவில்லை. அந்தப் பாதைக்காக 1929இல் சோவியத் படை சீனப் படையுடன் பொருதியது. 1935இல் அதே பாதையை, ஜப்பான் கைப்பொம்மையாக நிறுத்தியிருந்த மஞ்சுகோ அரசுக்கு மாஸ்கோ விற்றுவிட்டது! சீன மண்ணில் ஓடும் பாதை, விற்றவர் ரஷ்யர், வாங்கியவர் ஜப்பானியரின் ஏவலர், சீனரைக் கேட்டவர் யாருமில்லை. எல்லைக் கல்லை நட்டவர் ஜார், நட்ட கல்லைக் காத்தவர் தோழர் என்று சீனர் மனத்தில் ஒரு கசப்பு படிந்தது என்றால், அது வீண் கற்பனையன்று.

புரட்சி நடத்திய முறையிலும் இரு நாடுகள் இரு வழி. ரஷ்யப் புரட்சி பட்டணத்துப் புரட்சி. ஆலைத் தொழிலாளரும் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் சில நாட்களில் தலைநகரைப் பிடித்தனர்; நாட்டுப்புறம் பிறகு வசப்படுத்தப்பட்டது. சீனத்திலும் அவ்வாறே செய்க என்று மாஸ்கோ ஓலை அனுப்பியது. சியாங் கே ஷேக்கின் கோமிண்டாங் கட்சியோடு ஒட்டியிரு என்றது. 1927 ஏப்ரலில் ஷாங்காய் நகரில் சியாங், ஒட்டியிருந்தவர்களையே வெட்டிச் சாய்த்தார். மாஸ்கோவில் எழுதிய மருந்துச்சீட்டு, ஷாங்காய் நோயாளியைக் கொன்றது. அதன் பிறகுதான் மா சே துங் கிராமத்தை நம்பினார், குடியானவனை நம்பினார், 22 ஆண்டுகள் காட்டிலும் மலையிலும் போராடிப் பட்டணங்களைச் சூழ்ந்தார். மஞ்சூரியாவில் ஜப்பானியர் விட்டுச்சென்ற படைக்கலங்கள் செஞ்சேனைக்குக் கிடைக்க ரஷ்யர் வழிவிட்டனர் என்பது உண்மை. ஆனால் 1945 ஆகஸ்டில் ஸ்டாலின் நட்புடன்படிக்கை செய்துகொண்டது மாவோவுடன் அன்று, சியாங்குடன்! ஆர்தர் துறைமுகமும் இருப்புப்பாதை உரிமையும் அந்த உடன்படிக்கையால் ரஷ்யாவுக்குக் கிடைத்தன.

1949 அக்டோபர் 1இல் செஞ்சீனம் பிறந்தது. டிசம்பரில் மாவோ மாஸ்கோ சென்றார். அவர் பிறந்த நாடு விட்டுப் பிறநாடு சென்றது அதுவே முதல் தடவை. உலகின் மிகப்பெரிய மக்கட்கூட்டத்தின் தலைவரை மாஸ்கோவுக்கு அருகே ஒரு மாளிகையில் இருத்தி, வாரக்கணக்கில் காக்கவைத்தார் ஸ்டாலின். 1950 பிப்ரவரி 14இல் 30 ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கடன் 30 கோடி டாலர். வட்டி நூற்றுக்கு ஒன்று. வட்டி குறைவுதான், ஒப்புக்கொள்வோம். தொடர்ந்து ரஷ்யப் பொறியாளர்கள் வந்தனர், எந்திரங்கள் வந்தன, சீனத்தின் கனரகத் தொழில் எழுந்தது. அந்த உதவியைச் சிறிதென்று சொல்வது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் உதவிக்கும் மரியாதைக்கும் உள்ள வேறுபாட்டை, காக்கவைக்கப்பட்டவர் மறப்பதில்லை.

1956இல் குருஷேவ், மாஸ்கோ மாநாட்டில் ஸ்டாலினின் கொடுமைகளை எடுத்துரைத்தார். கதவடைத்துக்கொண்டு பேசிய பேச்சு. ஆனாலும் உலகுக்கே கேட்டது. சீனரைக் கலந்து பேசிய பேச்சன்று அது. தலைவரைத் தெய்வமாக்குவது தவறு என்ற அந்தக் கருத்து, தெய்வமாகிக்கொண்டிருந்த ஒருவர் காதில் எப்படி ஒலித்திருக்கும்? 1958இல் குருஷேவ் பீகிங் வந்தபோது, மாவோ அவரை நீச்சல் குளத்திலே வரவேற்றார். மாவோ தேர்ந்த நீச்சல்காரர். குருஷேவுக்கு நீச்சல் வராது. மிதவையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் தத்தளித்தார். கூட்டு நீர்மூழ்கிக் கப்பற்படை பற்றியும் வானொலி நிலையம் பற்றியும் அவர்கள் பேச வேண்டியிருந்தது. மாஸ்கோவில் காத்திருந்த நாட்களுக்கு பீகிங் குளத்தில் கணக்குத் தீர்க்கப்பட்டது போலும்!

கணக்குகள் ஏறிக்கொண்டே போயின. அணுகுண்டு மாதிரி தருவதாகச் சொன்ன ரஷ்யா 1959 ஜூனில் தரமாட்டேன் என்றது. அதே ஆண்டு இந்திய-சீன எல்லையில் மோதல் எழுந்தபோது, மாஸ்கோவின் டாஸ் செய்தி நிறுவனம், இருவருமே எங்கள் நண்பர்கள் என்னும் பாங்கில் அறிக்கை விடுத்தது. பொதுவுடைமைத் தோழனும் நேருவின் காங்கிரசு அரசும் ஒரே தட்டில் வைக்கப்பட்டதைச் சீனம் பொறுக்கவில்லை. 1960 ஜூலையில் குருஷேவ், சீனத்திலிருந்த 1,400 பேரளவிலான ரஷ்ய நிபுணர்களை ஒரே மூச்சில் திரும்ப அழைத்துக்கொண்டார். பாதி எழும்பிய ஆலைகள், பாதி போட்ட வரைபடங்கள், அப்படியே நின்றன.

அந்த நேரத்தில் சீனக் கிராமங்களில் என்ன நிலை? இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1958இல் தொடங்கிய பெரும் பாய்ச்சல் என்ற திட்டத்தில், குடியானவர் நிலமும் அடுப்பும் கம்யூன்களில் சேர்க்கப்பட்டன. வயலை விட்டு இரும்பு உருக்க ஆட்கள் துரத்தப்பட்டனர். வீட்டுச் சட்டிகூட உலையில் விழுந்தது. அதிகாரிகள் விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கெழுதினர். எழுதிய கணக்குக்கு ஏற்ப அரசு தானியத்தை வாரிக்கொண்டது. 1959இல் பஞ்சம் தொடங்கிவிட்ட பின்னும் 40 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட தானியம் ஏற்றுமதியாயிற்று. மாண்டவர் தொகையை ஆராய்ச்சியாளர் கோடிக்கணக்கில் கணக்கிடுகின்றனர். 1932-33இல் உக்ரேனிலும் கசாக் நாட்டிலும் ஸ்டாலின் ஆட்சியில் நடந்ததும் இதே முறைதான்: கூட்டுப்பண்ணை, கட்டாயக் கொள்முதல், பட்டினி, அதற்கு நடுவே ஏற்றுமதி. கொள்கை விளக்கத்தில் பிளவுபட்ட இரு கட்சிகளும் குடியானவன் களஞ்சியத்தைத் துடைத்ததில் பிளவுபடவில்லை. இரு நாட்டிலும் பஞ்சம் என்ற சொல்லை ஏட்டில் எழுத முடியவில்லை. எழுத முடிந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்குமா என்ற கேள்வியைப் பத்திரிகை நடத்துவோரும் படிப்போரும் கேட்டே ஆகவேண்டும்.

பஞ்சத்தைப் பற்றி எழுதாத ஏடுகள் எதைப் பற்றி எழுதின? கொள்கைத் தூய்மையைப் பற்றி! முதலில் சாடைப் பேச்சு. மாஸ்கோ அல்பேனியாவைத் திட்டும், பொருள் சீனம். பீகிங் யூகோஸ்லாவியாவைத் திட்டும், பொருள் ரஷ்யா. 1963இல் திரை விலகிற்று. பக்கம் பக்கமாகப் பகிரங்கக் கடிதங்கள். அவர்கள் இவர்களைத் திருத்தல்வாதிகள் என்றனர். இவர்கள் அவர்களை வறட்டு வேதாந்திகள் என்றனர். நூல் ஒன்று, உரை இரண்டு, மெய்யான வாரிசு யார் என்று வழக்கு! நாமத்தின் வடிவத்துக்காக நீதிமன்றப் படியேறிய வடகலையாரையும் தென்கலையாரையும் பார்த்துச் சிரித்துப் பழகிய நமக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஆராய்ந்து ஏற்க வேண்டிய நூலை வேதமாக்கினால், வேதத்துக்கு ஒரு மடம் போதாது என்பது எங்கும் உள்ள நிலைதான்.

பீகிங்கில் ரஷ்யத் தூதரகம் இருந்த தெருவுக்கே, பண்பாட்டுப் புரட்சியின்போது திருத்தல்வாத எதிர்ப்புத் தெரு என்று பெயர் சூட்டினர். உள்நாட்டு ஆட்சிமுறையில் இருவருக்கும் உள்ள வேறுபாடும் இந்தக் காலத்திலேதான் நன்கு புலப்படுகிறது. 1964 அக்டோபர் 14இல் குருஷேவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இறக்கி, ஓய்வூதியம் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தார்கள். (இரண்டே நாளில், அக்டோபர் 16இல், ரஷ்யா தராத அணுகுண்டைச் சீனம் தானே செய்து வெடித்துக் காட்டியது.) சீனத்திலோ, குடியரசுத் தலைவராயிருந்த லியு ஷாவோ சி, மாணவர் கூட்டத்தின் முன் அவமானப்படுத்தப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு, 1969இல் உரிய மருத்துவமின்றி மாண்டார். ஸ்டாலின் இரகசியப் போலீசைக் கொண்டு இரவில் செய்ததை, மாவோ இளைஞர் படையைக் கொண்டு பட்டப்பகலில் செய்தார். மாணவன் ஆசிரியரை மேடையில் நிறுத்தி அடிப்பது புரட்சி என்று கற்பிக்கப்பட்டது. வகுப்பறையில் நின்று பாடம் சொல்வோருக்கு அந்த வரலாற்றைப் படிக்க மனம் கூசும்.

வெளிநாட்டுக் கொள்கையைப் பார்ப்போம். 1962 அக்டோபரில் ரஷ்யா கியூபாவில் ஏவுகணைச் சிக்கலில் மாட்டியிருந்த அதே நாட்களில் சீனப்படை இமயம் கடந்தது. அமெரிக்காவோடு போர் வருமோ என்றிருந்தபோது மாஸ்கோவின் பிராவ்தா ஏடு சீனத்தின் பக்கம் சாய்ந்து எழுதியது. கியூபாச் சிக்கல் தீர்ந்ததும் குரல் மாறியது. மிக் விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. 1964இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி இரண்டாக உடைந்தது. காங்கிரசு ஆட்சியை எப்படி மதிப்பிடுவது என்ற உள்நாட்டுக் காரணமும் அந்த உடைப்புக்கு உண்டு. ஆயினும் மாஸ்கோ-பீகிங் பிளவின் நிழல் அதன்மேல் அடர்ந்து படிந்திருந்தது. ஒரே சிறையில் ஒரே கஞ்சியைக் குடித்த தமிழ்நாட்டுத் தோழர்களும் அதில் பிரிந்தனர்.

1971 அந்த இரு தலைநகரங்களையும் நன்றாக உரித்துக் காட்டிய ஆண்டு. ஏப்ரலில் இலங்கையில், மார்க்சின் பெயராலும் புரட்சியின் பெயராலும் சிங்கள இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை நசுக்கிய அரசுக்கு மாஸ்கோ மிக் விமானங்கள் கொடுத்தது. பீகிங் என்ன செய்தது? புரட்சியின் தலைமையகம் எனத் தன்னை அழைத்துக்கொண்ட பீகிங்கின் தலைமை அமைச்சர் சூ என் லாய், கிளர்ச்சியைக் கண்டித்து இலங்கைப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள் இதில் ஒன்றுபட்டனர்! அதே ஆண்டு கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் இராணுவம் மக்களைக் கொன்று குவித்தபோது, சீனம் பாகிஸ்தான் பக்கம் நின்றது. ஆகஸ்ட் 9இல் இந்திய-சோவியத் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர் கிசிங்கர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பீகிங் சென்று வந்திருந்தார். ஐக்கிய நாடுகள் அவையில் தனக்குரிய இடத்துக்காக 22 ஆண்டுகள் காத்திருந்த செஞ்சீனம், இடம் கிடைத்த மறுவருடமே, 1972 ஆகஸ்டில், தன் தடுப்பதிகாரத்தை எதற்குப் பயன்படுத்தியது? புதிதாய் விடுதலை பெற்ற வங்காள தேசத்தை அவைக்குள் விடாமல் தடுக்க!

1973இல் சிலியில், தேர்தலில் வென்று ஆண்ட சோசலிசத் தலைவர் அயெந்தேயை இராணுவம் கவிழ்த்தது. மாஸ்கோ தூதுறவை முறித்தது, பீகிங் முறிக்கவில்லை. 1979 பிப்ரவரியில் சீனப்படை வியட்நாமுக்குள் புகுந்தது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. மாஸ்கோவின் புகலில் குற்றமும் பீகிங்கின் புகலில் நியாயமும் காண்போர் ஒரு பக்கம்; அதைத் திருப்பிச் சொல்வோர் மறுபக்கம். இரண்டிலும் செத்தவன் ஏழைக் குடியானவன் என்று சொல்ல ஆளில்லை.

இங்கே நம் இயக்கத்தார்க்கு நெருக்கமான ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1932இல் பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். அதற்கு முந்திய ஆண்டே ‘குடி அரசு’ ஏட்டில் மார்க்சு-எங்கெல்சின் அறிக்கை தமிழில் வந்திருந்தது. கோயிலும் குருக்களும் இன்றி ஒரு நாடு இயங்க முடியும் என்பது அன்று பெருங்கிளர்ச்சி ஊட்டிய செய்தி. அவர் செல்வதற்குச் சற்று முன்னர், 1931 டிசம்பரில்தான், மாஸ்கோவின் மாபெரும் கிறித்து தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே சோவியத் மாளிகை எழும் என்றார்கள், எழவில்லை. பிறகு நீச்சல் குளம் தோண்டினார்கள். சோவியத் அரசு மறைந்த பின்னர் அதே இடத்தில் அதே வடிவில் தேவாலயம் மீண்டும் எழுப்பப்பட்டு, 2000இல் திருநிலைப்படுத்தப்பட்டது. 2022இல் உக்ரேன் மீது தொடுத்த போருக்கு ரஷ்யத் திருச்சபையின் தலைமைக் குரு அருளாசி வழங்கினார்! சீனத்திலும் இதே கதை. 1974இல் கன்பூசியசைக் கண்டிக்க நாடெங்கும் இயக்கம் நடந்தது. 2004 முதல் உலகெங்கும் சீன அரசு திறந்த மொழி நிலையங்களுக்குச் சூட்டிய பெயர், கன்பூசியஸ்! வெடிமருந்து கல்லைத் தகர்த்தது. கேள்வி கேட்கும் பழக்கத்தை மக்களிடம் வளர்க்கும் வேலையோ வெடிமருந்தால் ஆகாத வேலை. இரு அரசுகளுக்கும் அது தேவைப்படவும் இல்லை. கேள்வி கேட்கப் பழகியவன் கோயிலை மட்டுமா கேட்பான்? கட்சிச் செயலகத்தையும் அல்லவா கேட்பான்!

கேட்டும் பார்த்தார்கள். 1989 மே மாதம், முப்பதாண்டுப் பகையை முடிக்க கோர்பசேவ் பீகிங் வந்தபோது, தியனன்மென் சதுக்கம் முழுவதும் மாணவர் கூட்டம். விருந்தாளியை வரவேற்கச் சதுக்கத்தில் இடமில்லை. விமான நிலையத்திலேயே வரவேற்பை முடித்தனர். அவர் திரும்பிச் சென்றார். சூன் 4இல் டாங்கிகள் வந்தன. கோர்பசேவ் முதலில் பேச்சுக்குக் கதவைத் திறந்தார், பொருளாதாரம் சீர்படவில்லை, 1991 இறுதியில் நாடே பிரிந்தது. டெங் சியாவோ பிங் சந்தைக்குக் கதவைத் திறந்தார், பேச்சுக்குத் தாழிட்டார், நாடு செல்வத்தில் வளர்ந்தது. ஆகவே டெங் செய்ததே சரி என்று தீர்ப்பளிப்போர் உண்டு. சதுக்கத்தில் மாண்ட மாணவர்களின் தாய்மாரைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு அது.

விந்தை என்னவெனில், வேதம் ஒன்றாக இருந்தபோது வெட்டிக்கொண்டவர்கள், ஒருவர் வேதத்தைக் கைகழுவி மற்றவர் பெயரளவில் வைத்துக்கொண்ட பிறகு கைகுலுக்கினார்கள். 1991 மே மாத எல்லை உடன்படிக்கையால், எவர் குருதியோ உறைந்த அந்த டமான்ஸ்கி தீவு சீனத்துக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2001இல் நட்புடன்படிக்கை. 2008இல் எல்லை வரைவு முழுதும் முடிந்தது. 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டு மேற்கு நாடுகளின் தடைக்கு ஆளானபோது, 30 ஆண்டுகளுக்கு எரிவாயு வாங்க, 40,000 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தத்தைச் சீனம் செய்துகொண்டது. 2022 பிப்ரவரி 4இல், எல்லையற்ற நட்பு என்று இருவரும் கூட்டறிக்கை விடுத்தனர். 24இல் ரஷ்யப்படை உக்ரேனுக்குள் புகுந்தது. ஐக்கிய நாடுகள் அவையில் சீனம் கண்டிக்கவுமில்லை, ஆதரித்து வாக்களிக்கவுமில்லை. ஒதுங்கி நின்று எண்ணெய் வாங்கியது.

இப்போது அவர்களை இணைப்பது எது? மார்க்சு அல்லர். அமெரிக்க எதிர்ப்பு ஒன்று. விற்பனைச் சரக்கு ஒன்று. பதவி பற்றிய ஒத்த கருத்து மற்றொன்று. 2018இல் சீனம் தலைவர் பதவிக்கு இருந்த காலவரம்பை நீக்கியது. 2020இல் ரஷ்யா அரசியல் சட்டத்தைத் திருத்தி, புடின் 2036 வரை ஆள வழி வகுத்தது. 1950இல் கடன் கேட்டு மாஸ்கோவில் காத்திருந்தவர் மாவோ. இன்று எரிவாயுக் குழாய்க்கு விலை பேச பீகிங் செல்பவர் கிரெம்ளின் தலைவர். மூத்தவன், இளையவன் என்ற வரிசை மாறிவிட்டது. வரிசை இருக்கவே செய்கிறது.

எல்லையற்ற நட்பு என்று சொல்லி ஓராண்டு நிறைந்த 2023 பிப்ரவரியில், சீன அரசு வரைபடங்களுக்கு ஒரு விதி வகுத்தது: விளாடிவாஸ்டாக் என்ற பெயரோடு ஹைஷென்வாய் என்ற பழைய சீனப் பெயரையும் குறிக்க வேண்டும் என்பது அந்த விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட புதிய வரைபடத்தில், ஆமூரும் உசூரியும் கூடுமிடத்தில் 2008இல் இரண்டாகப் பங்கிடப்பட்ட ஒரு தீவு முழுவதும் சீன நிறத்தில் இருந்தது. எல்லைச் சிக்கல் தீர்ந்த ஒன்று என்று மாஸ்கோ மென்குரலில் சொன்னது. பீகிங் வரைபடத்தைத் திருத்தவில்லை.